பச்சை நோட்டை அனுப்பு

மேடவாக்கம்
காணும் பொங்கல், இரவு

அன்புள்ள கல்யாணி,

தீபாவளிக்கு நீ எழுதியதற்கு இன்னும் பதில் போடவில்லை. கோபமாக இருப்பாய், நியாயம்தான். இங்கே எல்லோரும் நலம். தம்பிக்குக் கால் கட்டுப் பிரித்தாகிவிட்டது. ராணி அக்கா உன்னை விசாரித்தாள். இன்னமும் நாரை, அரிவாள் மூக்கன் எல்லாமே அவளுக்குக் 'கொக்கு'தான். உன்னிடமிருந்து எனக்கு அவசரமாக ஒரு பொருள் வேண்டும். எதற்கு என்று புரிய, இன்று நடந்ததை முழுக்கச் சொல்லியாக வேண்டும்.

பொங்கல் பறவைக் கணக்கெடுப்பை 2015-இல் தொடங்கியதிலிருந்து நான் ஒரு வருடம்கூட விட்டதில்லை, உனக்குத் தெரியும். கால் மணி நேரம் நின்று எண்ணி, பட்டியலை இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றினால் போதும். நமக்கு என்றைக்கு அது கால் மணியில் முடிந்திருக்கிறது? கடற்கரைக் கூட்டம் சாலையை அடைப்பதற்கு முன்பே போய்விடலாம் என்று விடிவதற்குள் பிளாஸ்கில் காபியோடு கிளம்பிவிட்டேன்.

முதலில் நன்மங்கலம் காடு. ஆறுமணிக் குருவி இரண்டு தரம் விசிலடித்தது, கண்ணில் படவில்லை. பழைய கல்குவாரிப் பாறையில் கொம்பன் ஆந்தை இருந்தது. நாம் பார்த்த அதே விளிம்பு.

அப்புறம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். ரேடியல் ரோட்டு ஓரம் லாரிச் சத்தம், பெருங்குடிக் குப்பைமேட்டு நாற்றம், அதற்கு நடுவில் கண் கொள்ளாத கூட்டம். நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி, நெடுங்கால் உள்ளான், குளிர்காலத்துக்கு நீள வாலை உதிர்த்துவிட்டு நிற்கும் இலைக்கோழி. ஒரு மஞ்சள் மூக்கு நாரையை மட்டும் முக்கால் மணி நேரம் பார்த்தேன். முழங்கால் தண்ணீரில் நின்று, அலகைப் பாதி திறந்தபடி அமிழ்த்தி வைத்திருந்தது. ஒரு காலால் சேற்றைக் கிளறும். சட்டென்று ஒரு பக்கச் சிறகை விரித்து மடக்கும். மிரண்டு ஓடுகிற மீன் அலகில் பட்டால் போதும், கத்தரி மாதிரி மூடிக்கொள்ளும். கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை, கலங்கிய தண்ணீரில் தொட்டுத்தான் பிடிக்கிறது. கல்யாணி, அந்தத் தண்ணீர் இன்னும் ஒரு முழம் கூடியிருந்தால் அந்த நாரைக்கு அங்கே காலை உணவு கிடையாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்.

பத்து மணிக்கு நம் ஏரிக்கு வந்தேன். போன கோடையில் சீரமைத்தார்கள். கரையில் நடைபாதை, விளக்கு, சிமெண்ட் பெஞ்சு. மழையும் நன்றாகப் பெய்து, மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் கலங்கல் வரை தளும்புகிறது. பார்த்தவுடன் மனசு நிறைந்துபோய், பையில் இருந்து பைனாகுலரை எடுத்தேன். எண்ணி முடிக்க ஐந்து நிமிடம் ஆகவில்லை. நடுத் தண்ணீரில் நீர்க்காகம் பதினொன்று, முக்குளிப்பான் நான்கு, ஒரு மீன்கொத்தி. ஊசிவால் வாத்து ஒன்றுகூட இல்லை. தட்டைவாயன் இல்லை. நீலச்சிறகி இல்லை. உள்ளான்கள் ஓடித் திரிகிற அந்தச் சேற்று ஓரமே இல்லை.

வீச்சுவலைக்காரர் ஒருவர் கரையில் நின்றபடியே வலை வீசிக்கொண்டிருந்தார். உள்ளே இறங்கவில்லையா என்று கேட்டேன். "போன வருஷம் பாதி ஏரி வரைக்கும் முட்டி அளவுல நடந்தே போவேன். இப்ப ரெண்டு எட்டு வச்சா ஆளே முழுகிடும்மா" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பழைய ஏரி எப்படி இருக்கும்? மதகுப் பக்கம் ஆழம், தண்ணீர் வந்து சேரும் உள்வாய்ப் பக்கம் போகப் போகத் தட்டையாக மேடேறும். தை, மாசி, பங்குனி என்று தண்ணீர் வற்ற வற்ற, ஈர விளிம்பு நாளுக்கு நாள் உள்ளே நகரும், அதன் பின்னாலேயே பறவையும் நகரும். ஊசிவால் வாத்து முங்கி நீந்துகிற சாதி இல்லை. வாலைத் தூக்கி, தலைகுப்புறக் கவிழ்ந்து, கழுத்து எட்டுகிற தூரத்தில்தான் மேயும். இவர்கள் ஏரி முழுவதையும் ஒரே ஆழத்துக்குத் தோண்டி, கரையைச் செங்குத்தாக வெட்டி, கோரையையும் வழித்து எடுத்துவிட்டார்கள். தூர்வாருவது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். இந்தப் பக்கம் நிலத்தடி நீர் கிடந்த கிடப்பு எனக்கும் தெரியும். மதகுப் பக்கம் எவ்வளவு வேண்டுமானாலும் தோண்டட்டும். உள்வாயில் கால்வாசி இடத்தைச் சரிவாக விட்டிருக்கலாமே? அதைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்கூட. மண் அள்ளிய இரண்டு மாதமும் அந்த வழியாகத்தான் போய் வந்தேன். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

பள்ளிக்கரணை 2022-இல் ராம்சர் என்ற உலகச் சதுப்பு நிலப் பட்டியலில் ஏறிவிட்டது, அதற்காகப் பேச நாலு பேர் இருக்கிறார்கள். வேடந்தாங்கலுக்கு ஊர்க்காரர்களே காவல். ஆனால் வேடந்தாங்கல் மரத்தில் கூடு கட்டுகிற நாரை குஞ்சுக்கு இரை தேடி எங்கே போகிறது? சுற்றுவட்டாரத்து ஏரிக்கும் வயலுக்கும்தான். பெயர் தெரியாத ஏரிகள் எல்லாம் தொட்டியாகிவிட்டால் அந்தக் கூடு எதற்கு?

இப்போது விஷயம். அடுத்த கோடையில் சின்ன ஏரியிலும் இதே வேலையாம். இன்னும் மண் வெட்டவில்லை. மனு எழுத உட்கார்ந்திருக்கிறேன். என் பொங்கல் பட்டியல்கள் 2015-இல்தான் தொடங்குகின்றன. அதற்கு முன்னால் அங்கே என்னென்ன வந்தது என்பதற்கு எழுத்தில் இருக்கும் ஒரே சாட்சி, காலேஜ் நாளில் ஞாயிறுதோறும் நீ எழுதிய பச்சை நோட்டு. எந்தப் பக்கம் மேய்ந்தது, தண்ணீர் எந்தக் கல் வரை நின்றது என்பதுவரை எழுதி வைப்பாயே. அப்போது அதற்காக உன்னை எவ்வளவு கிண்டல் செய்திருப்பேன்! அத்தனைக்கும் இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். அந்தப் படிக்கட்டு வரிசைக் கல் இன்னும் இருக்கிறது, இன்று சாயங்காலம் போய்ப் பார்த்து வந்தேன். கீழிருந்து நான்காவது கல் வெளியே தெரிகிறது. எதிர்க் கரையில் ஊசிவால் வாத்து முப்பத்திரண்டு.

போனில் படம் எடுத்து அனுப்பாதே, பென்சில் எழுத்து தெரியாது. நோட்டையே கூரியரில் போடு. மழைத்தண்ணீர் பட்ட பக்கங்களைப் பிரிக்காமல் அப்படியே அனுப்பு, நான் பதமாகப் பிரித்துக்கொள்கிறேன். மாசி பிறப்பதற்குள் வந்தால் போதும்.

அத்தைக்கு என் நமஸ்காரம். திருச்சியில் குளிர் எப்படி?

உன்,
வசந்தி