ஃபௌலருக்கு ஆறாம் இடம் தந்தவனுக்கு

மொன்றியல்
ஓகஸ்ட் 2025

அன்பின் மச்சான்,

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ பழையபடிதான், வாய்க்கு ஒரு குறையும் இல்லை. தேருக்கு நீ வரவில்லை என்று சொக்கர் இன்னும் முறுகிக்கொண்டு நிற்கிறார். அதை நீயே போன் எடுத்துச் சமாளி. கன நாளாக எழுதவில்லை என்று திட்டப்போகிறாய், காரணம் பிறகு வரும். முதலில், நம் மொன்றியல் கனேடியன்ஸ் ஐஸ் ஹொக்கி அணியின் வளரும் பொடியளை வரிசைப்படுத்தி நீ அனுப்பிய பட்டியலைத் தீர்த்துவிடுகிறேன்.

ரொறொன்ரோவில், நம் எதிரணி லீஃப்ஸின் விசரர் மத்தியில் இத்தனை வருஷம் இருந்தும் கனேடியன்ஸை விடாமல் இருக்கிறாயே, அதற்காக மட்டும் உன்னை மன்னிக்கலாம். பட்டியலை மன்னிக்க முடியாது.

டெமிடொவ் முதலாவது, அதில் சண்டை இல்லை. ஏப்ரலில் சிக்காகோவுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே ஒரு கோல், ஒரு அசிஸ்ட். இப்படிப்பட்டவனை இன்னும் 'வளரும் பொடியன்' பட்டியலில் வைக்கலாமா என்று உன் மகள் கேட்டாளாம். கேள்வி நியாயமானது. ஆனால் ஒரு பருவத்தில் 25 ஆட்டத்துக்கு மேல் ஆடியவன்தான் மறு வருஷம் புதுமுக விருதுக்குத் தகுதி இழப்பான். இவன் ஆடியது கடைசி இரண்டு ஆட்டமும் பருவ முடிவுச் சுற்றான பிளேஓஃபில் வொஷிங்ரனோடு ஐந்தும்தான். ஆகவே வைக்கலாம். உன் வீட்டில் ஹொக்கி விளங்கிய ஆள் அவள் ஒருத்திதான் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஆனால் கோல் காக்கிற ஃபௌலர் ஆறாவதா? எனக்கு அவன் இரண்டாவது. எந்த நித்திரையில் எழுதினாய்?

"கோலிமாரை யாராலும் கணிக்க முடியாது, அதனால் மேலே வைக்கக்கூடாது" என்று ஒரு வரியில் முடித்துவிட்டாய். கணிக்க முடியாது என்பது உண்மைதான். கணிக்க முடியாதவன் பெறுமதி இல்லாதவன் என்று எப்படி ஆகும்? நம் பழைய கோலி பற்றிக் ரோயை 1984 ட்ராஃப்டில், அதாவது அணிகள் முறை வைத்துப் பொடியளைத் தெரிவுசெய்கிற நாளில், 51 ஆவதாக எடுத்தார்கள். 1986 இல் ஸ்ரான்லி கிண்ணம் வந்தது, 1993 இல் மறுபடி வந்தது. அதற்குப் பிறகு கிண்ணமே இல்லை. அந்த 1993 பிளேஓஃபில் மேலதிக நேரத்தில் மட்டும் பத்து ஆட்டம் தொடர்ந்து வென்றோம். நடுவில் நின்றது யார் என்று உனக்குச் சொல்லித்தர வேண்டுமா?

கோலி ஹலாக்கை எடு. 2003 ட்ராஃப்டில் ஒன்பதாம் சுற்றில் 271 ஆவது பெயர். எவனாவது அவனைப் பட்டியலில் போட்டானா? 2010 இல் வொஷிங்ரனுக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில் அதே ஹலாக் 53 ஷொட்டுகளைத் தடுத்தான். அடுத்ததாக பிற்ஸ்பேர்க்கையும் வீட்டுக்கு அனுப்பினோம். நகரமே அவன் பெயரைக் கத்தியது. அந்த யூனிலேயே அவனை சென்ட் லூயிசுக்குக் கொடுத்துவிட்டு, வாங்கில் குந்தியிருந்த மற்றக் கோலி பிரைஸை வைத்துக்கொண்டார்கள். நீ அன்று போனில் பேசிய தூஷணத்தை எழுத இந்தத் தாள் தாங்காது. 2015 இல் லீக்கின் மிகப் பெறுமதியான ஆட்டக்காரனுக்கான ஹார்ட், சிறந்த கோலிக்கான வெசினா இரண்டையும் பிரைஸ் ஒரே இரவில் தூக்கியபோது உன் போன் ஏனோ வேலை செய்யவில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். அன்று அவர்கள் இருவரையும் வரிசைப்படுத்தியது, அந்த இளவேனிலில் யார் நன்றாக ஆடினான் என்று பார்த்து அல்ல. இன்னும் எவ்வளவு தூரம் போவான் என்று பார்த்து. கறுத்தக்கொழும்பான் கன்று நட்டவன் இரண்டாம் வருஷமே பழம் கேட்கமாட்டான். கோலியும் அப்படித்தான். ஃபௌலருக்கு இன்னும் 21 ஆகவில்லை. 2023 இல் 69 ஆவதாக வந்தவன், பொஸ்ரன் கொலிஜில் இரண்டு பருவம் நின்று, இந்த வருஷம் கல்லூரி ஹொக்கியின் மிகச் சிறந்த கோலிக்கான மைக் ரிக்டர் விருதை வாங்கிவிட்டு வந்திருக்கிறான். அதுவும் புளோரிடாவில் வளர்ந்த பொடியன்! பக் வட்டை விட முதலைகளை அதிகம் பார்த்திருப்பான்.

நீ உடனே கோலி மொண்டம்போவைத் தூக்கிக்கொண்டு வருவாய், தெரியும். 2021 இல் புளோரிடா கைவிட்டதை வேவர்ஸில் சும்மா எடுத்தோம், இன்று முதல் கோலி அவன்தான். இலவசமாகக் கிடைக்கிற சாமானுக்கு ஏன் இரண்டாம் இடம் என்று கேட்பாய். மற்றக் கோலி டொபெஷையும் சேர்ப்பாய்: ஐந்தாம் சுற்றில் 136 ஆவது, டிசெம்பரில் முதல் ஆட்டத்திலேயே கிண்ணம் வென்ற புளோரிடாவைப் பூச்சியத்தில் நிறுத்தினான். இது நல்ல வாதம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது 'நல்ல கோலி' பற்றிய வாதம். நான் கதைப்பது பத்து வருஷத்துக்கு வேறு யாரையும் தேடத் தேவையில்லாத கோலி பற்றி. அப்படிப்பட்டவர்கள் வேவர்ஸில் வருவதில்லை.

ஒரு சோதனை சொல்கிறேன், செய்து பார். ஒவ்வொரு பெயராக எடு. நாளைக் காலை ரேடியோவில் "இவனைக் கொடுத்துவிட்டு ஒரு நல்ல ஆட்டக்காரனை வாங்கிவிட்டோம்" என்று சொன்னால் எந்தப் பெயருக்கு நீ கோப்பியைக் கீழே போடுவாய்? அதுதான் உண்மையான வரிசை. இது கற்பனை இல்லை. யூனில் பின்வரிசைக்காரன் டொப்சனை வாங்க ட்ராஃப்டின் 16, 17 ஆம் இடங்களையும் ஆட்டக்காரன் ஹைனமனையும் கொடுத்தார்கள். அந்த இரண்டு இடத்தில் வந்திருக்கவேண்டிய பொடியள் நம் பட்டியலுக்கு வராமலே போனார்கள். நமக்கு வயிறு எரிந்ததா? இல்லை. ஃபௌலரைக் கொடுத்திருந்தால் எனக்கு எரிந்திருக்கும். டெமிடொவ் என்றால் வீட்டுக்கு முன்னால் உண்ணாவிரதம்.

ஹேஜை நீ இரண்டாவதாகப் போட்டதன் காரணம் விளங்குகிறது. முதல் சென்ரர் (முன்வரிசையின் நடு ஆள்) சுசுக்கிக்குப் பின்னால் நிற்க இன்னொருவன் இல்லை, டாக்கின் காயப்பட்ட முழங்காலை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது, ஆகவே மிச்சிகனில் ஆடுகிற பொடியன் மேலே. ஆனால் அது அணிக்கு என்ன தேவை என்பதன் வரிசை, பொடியன் எப்படி என்பதன் வரிசை அல்ல. வருகிற கிழமை அணி ஒரு சென்ரரை வாங்கினால் ஹேஜ் கீழே இறங்குவானா? அவனில் ஒன்றும் மாறியிருக்காதே. நான் அவனை மூன்றாவதாக வைக்கிறேன்.

பின்வரிசைக்காரன் ரைன்பாக்கருக்கு ஒன்பதாம் இடம் தந்தாயே, அது அவனுக்குத் தந்த இடமே இல்லை. மிச்கொவை எடுக்காத கோபத்துக்குத் தந்த இடம். 2023 இல் நாம் ஐந்தாவதாக இவனை எடுத்தோம், ஏழாவதாக பிலடெல்பியா மிச்கொவை எடுத்தது, அவன் முதல் பருவத்திலேயே 63 புள்ளி எடுத்தான். சரி, வயிற்றெரிச்சல்தான். ஆனால் எடுத்தது முகாமையாளர், பொடியன் என்ன செய்தான்? அந்த இரவே அவனுக்கு இணையத்தில் விழுந்த ஏச்சை நினைத்துப் பார், பதினெட்டு வயது. பிறகு முழங்கால் சத்திரசிகிச்சை, பருவத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. மெட்ரோ எடுத்து மொன்மொறன்சியில் இறங்கி, பிளாஸ் பெல் அரங்கில் நம் இரண்டாம் அணியான லவாலின் ஆட்டத்துக்குப் போய்ப் பார்த்தேன். பக்கை அடித்து விலத்தாமல், தலையை நிமிர்த்திப் பார்த்துக் கொடுக்கிறான். அவசரமே இல்லை. வலது கைக்காரன் வேறு. டொப்சன் வந்ததால் அவனை அவசரப்படுத்தத் தேவையில்லை என்பது எனக்குச் சந்தோஷம். எனக்கு நாலாவது அவன்.

உன் பட்டியலை நம்பாமல் இருக்க எனக்கு இன்னொரு காரணமும் உண்டு, அது உன் கையெழுத்திலேயே என்னிடம் இருக்கிறது. 2022 கோடையில் நீ மலூவை மூன்றாவதாகவும் ஹட்சனைப் பதினாலாவதாகவும் வைத்தாய். பக்கத்தில் "வாமன அவதாரம்" என்று பகிடி வேறு. உயரம் குறைந்த ஹட்சன், இன்னும் வளர்வேன் என்று காட்ட டொக்டரின் கடிதத்தோடு ட்ராஃப்ட் நேர்முகங்களுக்குப் போனவன். 62 ஆவது இடம் வரை எல்லாரும் கைவிட்டார்கள். முதல் பருவத்தில் 60 அசிஸ்ட், சிறந்த புதுமுகத்துக்கான கல்டர் விருது. மலூ இப்போது சென்ட் லூயிசில். வாமனன் மூன்றாம் அடியை எங்கே வைத்தான் என்று உன் தலையைத் தடவிப் பார்.

சரி, பகிடி போதும். எழுதாமல் இருந்த காரணத்தைச் சொல்கிறேன்.

மருமகனைக் கோலியாக எடுக்கவில்லை. தெரிவுக்கு ஆறு பேர் வந்தார்கள், இடம் இரண்டு. முன்வரிசைக்காரன் என்றால் பன்னிரண்டாவது ஆளுக்கும் இடம் உண்டு. கோலிக்கு மூன்றாவது என்றால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். இவன் மூன்றாவது. சட்டை இலக்கங்களை மட்டும் போட்டு ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள், பெயர்கூட இல்லை. தங்கச்சி காரில் அழுதாளாம், அவன் அழவில்லையாம். கீழே பேஸ்மென்றில் பையைத் திறக்காமலே வைத்திருக்கிறான். சீசன் தொடங்கமுன் பாட்ஸ் எல்லாம் விற்றுவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறான். பதினைந்து வயது, மச்சான்.

இப்போது நீ சொல்லப்போவது கேட்கிறது: "அதுதானே பார்த்தேன், மருமகனுக்காகத்தான் ஃபௌலருக்கு வக்காலத்து வாங்குகிறாய்." சொல்லிக்கொள். போன வருஷமும் நான் ஃபௌலரை மேலேதான் வைத்தேன், பழைய தாளை எடுத்துப் பார்.

நான் போய்ப் பேசிப் பார்த்தேன். பிரைஸ், ஹலாக் கதையெல்லாம் சொன்னேன். மரியாதையாகத் தலையாட்டிவிட்டு போனைப் பார்த்தான். நான் கோலில் நின்றவன் இல்லை, அவனுக்கு அது தெரியும். நீ பள்ளிக்கூடத்தில் விக்கெட் காத்தவன். அந்த பிக் மட்சில் உன்னை இறக்கிவிட்டுப் பிரின்சிபலின் மருமகனைப் போட்ட கதை அவனுக்குத் தெரியாது. ஞாயிறு பின்னேரம் அவனுக்கு ஒரு போன் எடு. ஹொக்கி பற்றி நீயாகத் தொடங்காதே, அவன் தொடங்கினால் மட்டும் கதை. பாட்ஸை விற்கிற விஷயத்தில் வாயைத் திறக்காதே, ஒக்ரோபர் வரை அதை நான் இழுத்தடிக்கிறேன். வேறு ஒரு சங்கத்தில் ஒரு கோலி குறைகிறார்கள் என்று கதை அடிபடுகிறது, உறுதியானதும் சொல்கிறேன்.

பயிற்சி முகாம் தொடங்கமுன் உன் திருத்திய பட்டியல் வரவேண்டும். ஐந்தாம் இடத்துக்கு நான் இந்த வருஷம் 34 ஆவதாக எடுத்த ஷரொவ்ஸ்கியைப் போடுகிறேன், எங்ஸ்ட்ரோமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு. அதில் வேண்டுமானால் சண்டைக்கு வா, எனக்கே நிச்சயமில்லை. ஃபௌலர் இரண்டுக்குக் கீழே இருந்தால் திருப்பி அனுப்புவேன்.

சொக்கருக்கு மறக்காமல் போன் எடு.

அன்புடன்,
உன் மச்சான்