நம் வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் செயலவையினருக்கும் இன்று நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் சந்திப்பு, தமிழ்ப்பள்ளிக்குப் புத்தக அன்பளிப்பு, தீபாவளி விருந்து மூன்றும் வழக்கம்போல் நடந்தன. மாதச் சந்திப்பு 9 முறை கூடியது. மற்ற 3 மாதமும் ஆள் சேரவில்லை.

இனி 'ஒரு கதை, ஒரு கட்டுரை' திட்டம். நான் இதைத் தொடங்கியபோது செயலவையிலேயே சிலருக்கு உடன்பாடு இல்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். நூலகத்துக்குப் போனால் நாம் நேராகத் தமிழ் அலமாரிக்குப் போகிறோம், குடும்ப நாவல்களாக எடுக்கிறோம், எல்லாம் படித்தாகிவிட்டது என்று தோன்றியதும் போவதையே நிறுத்திவிடுகிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன். அப்புறம்தான் புத்தக முதுகில் ஒட்டியிருக்கும் டூயி எண்களை, அதாவது நூலகம் புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கும் எண்களைக் கவனித்தேன். 500இல் அறிவியல், 600இல் மருத்துவமும் விவசாயமும் சமையலும், 900இல் வரலாறும் பயணமும். 959.5இல் நம் மலேசிய நாட்டு வரலாறு இருக்கிறது. அங்கே மலாயாவில் ஆங்கிலேய அரசு கம்யூனிஸ்டுகளோடு போரிட்ட அவசரகாலத்தைப் பற்றிய புத்தகத்தை எடுத்தால் நம்ம சுங்கை சிப்புட் வந்துவிடும்: 1948 ஜூன் 16, மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்ட நாள். தினமும் பஸ் ஏறுகிற பட்டணத்தின் கதை இது. நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியவில்லை.

ஆகவே மாதம் ஒரு கதைப் புத்தகம், அதுவரை தொடாத எண்ணிலிருந்து ஒரு கட்டுரை நூல் என்று முடிவு செய்தோம். மலாயும் ஆங்கிலமும் படிக்கத் தெரிந்தவர்கள், தமிழ் மட்டும் படிக்கிற பெரியவர்களுக்குத் தாங்கள் படித்ததைத் தமிழில் சொல்ல வேண்டும். சயாம் ரயில் பாதையை எடுத்த மாதம் எனக்கு மறக்காது. தமிழ் நாவல் ஒன்று, போர் வரலாறு ஒன்று. நாவலில் பசியும் காலராவும் இருந்தன. ஏன் அவ்வளவு அவசரம் என்பதை வரலாற்று நூல்தான் சொன்னது: பர்மாவில் இருந்த படைக்குக் கடல் வழியாகச் சாமான் அனுப்புவது ஆபத்தானதால், 1942-43இல் ஜப்பானியர் ஏறக்குறைய 415 கிலோமீட்டர் பாதையைக் காட்டில் போட வைத்தார்கள், அதற்கு நம் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆள் போனது. அன்று ஓர் அக்கா, தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து போய்த் திரும்பாத தன் தாத்தாவைப் பற்றி முதல் தடவையாக எங்களிடம் பேசினார். அந்தச் சந்திப்புக்கு வந்தவர்கள் ஏழு பேர்.

பட்டியலில் முப்பதுக்கு மேல் பெயர் இருக்கிறது. ஞாயிறு காலை கல்யாணம், கோயில், பிள்ளைக்கு டியூஷன், எல்லாம் புரிகிறது, ஆனால் வர முடியாது என்று ஒரு வாட்ஸ்அப் போட்டால்கூடப் போதும், ஏழு பேருக்கு முப்பது பேர் பசியாறலைத் தயார் செய்ய வேண்டியிருக்காது. சந்தா மாதம் 1 வெள்ளிதான். பாதிப் பேருக்கு மேல் பாக்கி.

வரவும் செலவும் ஏறக்குறையச் சரியாக வந்தன, சிறு தொகை கையிருப்பில் உள்ளது, விவரம் பொருளாளரிடம். நகல் எடுத்த செலவு கூடிவிட்டது என்று கேட்டவர்களுக்கு: கண் மங்கிய பெரியவர்களுக்காகப் பெரிய எழுத்தில் எடுத்தது அது.

நூலக ஊழியர்களுக்கும், மண்டபம் கொடுத்தவர்களுக்கும், தலைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு ஒரு விஷயம். தமிழ்ப் புத்தகத்தை நூலகத்திலேயே உட்கார்ந்து படித்துவிட்டுத் திரும்ப வைத்தால் இரவல் கணக்கில் ஏறாது, கணக்கில் ஏறாத அலமாரிக்குப் புதுப் புத்தகம் கேட்பது கஷ்டம். 'ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர்' என்று சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் விதியாகவே எழுதிவைத்தார். அந்த வாசகர் அட்டையோடு போய் எடுத்தால்தானே ஆகும்? புத்தகம் வாங்கக் கேட்கும் கடிதம் எழுதி என் பையிலேயே இருக்கிறது, இன்று கிளம்புவதற்கு முன் கையெழுத்துப் போடலாம். செயலாளர் வேலையை மலாய் நன்றாகப் படிக்கிற இளையவர் யாராவது ஏற்றால் கூடவே இருந்து எல்லாம் சொல்லிக் கொடுப்பேன். யாரும் வராவிட்டால் நானே தொடர்வதில் எனக்குச் சிரமமில்லை. அடுத்த மாதத்துக்கு 630 என்னுடையது, செம்பனையும் ரப்பரும் அங்கேதான் இருக்கின்றன. 500க்கு இன்னும் யாரும் பெயர் கொடுக்கவில்லை.