வன்னிப் பாடசாலை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே,

கிளிநொச்சி மாவட்டத்தின் பிரதேச சபையொன்றில் நாட்சம்பளத்திற்குக் கழிவகற்றும் தொழிலாளி நான். அண்மையில் ஒரு பாடசாலை மதிலோரம் உழவு இயந்திரப் பெட்டியில் குப்பை ஏற்றிக்கொண்டிருந்தபோது, "படிக்காவிட்டால் இவர்களைப் போலக் குப்பை அள்ளத்தான் போவாய்" என்று ஓர் ஆசிரியர் மாணவனை ஏசுவது யன்னல் வழியே கேட்டது. அவர்மீது எனக்குக் கோபமில்லை. என் தாயாரும் அதையே சொல்லித்தான் என்னை வளர்த்தார்.

இந்த வேலை சுத்தமானது என்று நான் சொல்ல வரவில்லை. சோற்றுப் பையொன்றுக்குள் கிடந்த உடைந்த மின்குமிழ் கையுறையையும் கிழித்து என் உள்ளங்கையில் இறங்கிய தழும்பு இன்னும் இருக்கிறது. ஆனால் நாங்கள் கூட்டெரு தயாரிக்கும் முற்றத்தில், சந்தையிலிருந்து வரும் அழுகிய கத்தரிக்காயையும் மீன் செதிலையும் வைக்கோலோடும் சாணத்தோடும் அடுக்கிவிட்டால், சில நாட்களில் அந்தக் குவியல் தானாகவே 60 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறுகிறது. களை விதைகளும் கிருமிகளும் அச்சூட்டிலேயே மடிகின்றன. மார்கழி விடியலில் அதைப் புரட்டும்போது, சோறு வடிக்கும் அடுப்படியைப் போல ஆவி முகத்தில் அடிக்கும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு துளி கசிய வேண்டும். ஒழுகினால் உள்ளே காற்றில்லை, நாற்றமெடுக்கும். ஏறக்குறைய 3 மாதத்தில் அந்த நாற்றம் மழை நனைத்த காட்டு மண்ணின் மணமாக மாறிவிடும். அதை முகர்ந்த நாளில்தான் இந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது.

2021 மே மாதம் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது, எங்களைக் கண்டால் மூக்கைப் பொத்தியவர்களும் உரப்பையோடு எங்கள் முற்றத்திற்கு வந்தார்கள். அந்தத் தடையை நான் மெச்சவில்லை. நெல் விளைச்சல் விழுந்ததை நாமெல்லோரும் கண்டோம். எந்தக் குவியலும் அவசரத்துக்கு உக்காது என்பதை எங்களிடம் கேட்டிருந்தாலே சொல்லியிருப்போம்.

எனக்கு மனநிறைவு இருக்கிறது என்பதற்காக நிரந்தர நியமனமும் நல்ல கையுறையும் வேண்டாம் என்றாகிவிடாது. அவற்றைச் சபையிடம் கேட்டுக்கொள்கிறேன். உங்களிடம் கேட்பது வேறு. எங்கள் வேலையைப் பிள்ளைகளுக்குப் பூச்சாண்டியாகக் காட்டாமல், உயர்தர விவசாய வகுப்பு மாணவர்களை ஒரு நாள் எங்கள் முற்றத்திற்கு அழைத்து வாருங்கள். காலை 6 மணிக்குப் புரட்டத் தொடங்குவோம். செருப்போடு வர வேண்டாம். சப்பாத்து அணிந்து வரச் சொல்லுங்கள்.

இங்ஙனம்,
பிரதேச சபைத் தொழிலாளி ஒருத்தி