பலாமரத்தடியில் நிற்காதே

கொட்டகலை
2025 ஜூன் 8

அன்புள்ள மச்சான் மணிக்கு,

உன் பொங்கல் கடிதம் வந்து ஐந்து மாதமாகிறது. பதில் போடாத என்னை நீ என்னென்ன சொல்லித் திட்டியிருப்பாய் என்று தெரியும். அத்தனையையும் வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். பெரியவனுக்கு இரண்டாவதும் பெண் குழந்தை. நெட்டையன் மகன் கட்டாருக்குப் போய்விட்டான். கோயில் தேர் இந்த முறை மழையில் நனையாமல் சுற்றி வந்தது.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன். தொலைபேசியில் சொல்லலாம் என்று மூன்று முறை எடுத்து, மூன்று முறையும் வைத்துவிட்டேன். என் குரலைக் கேட்டதும் நீ சிரிப்பாய், பள்ளிக்கூடத்துப் பதினாறேழு வாய்ப்பாட்டுப் பேச்சு வரும், சொல்ல வந்தது போய்விடும். கடிதம் என்றால் இரண்டு தடவை படிப்பாய்.

ஜனவரி 17ஆம் தேதி இரவு எனக்கு மாரடைப்பு வந்தது.

பயப்படாதே, எழுந்து உட்கார்ந்து என் கையால்தான் எழுதுகிறேன். ஆனால் நடந்ததை நீ முழுவதும் கேட்க வேண்டும்.

இரவு ஒரு மணி இருக்கும். விழித்துக்கொண்டேன். வலி என்று சொல்ல முடியாது, பாரம். பள்ளி விடுமுறையில் நாம் லொறியில் ஏற்றிய தேயிலைக் கொழுந்துச் சாக்கு நினைவிருக்கிறதா? ஈரக் கொழுந்து நிறைந்த அந்தச் சாக்கு ஒன்றை நெஞ்சின் மேல் வைத்துவிட்டுப் போனது போல இருந்தது. இடது தோள் கனத்தது. நுவரெலியாப் பக்கம் துகள் உறைபனி விழுகிற மாதம் அது. அந்தக் குளிரில் என் பெனியன் நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. இந்த ஒன்றை வைத்தே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு விஞ்ஞானப் பாடத்தில் இதயத்தின் நான்கு அறைகளைக் கரும்பலகையில் வரைந்து காட்டியவன் நான். என் இதயம் கூப்பிட்டபோது "வாயு" என்றேன்.

உன் தங்கச்சி பாவம், எழுந்து இஞ்சி தட்டி, ஓமம் கொதிக்கவைத்துத் தந்தாள். குடித்ததும் ஒரு ஏப்பம் வந்தது. "பார், வாயுதான்" என்று அவளையும் தூங்கச் சொன்னேன். அந்த ஏப்பத்தை நம்பி நாலரை மணி நேரம் படுத்திருந்தேன். விடியற்காலை தேத்தண்ணீர் வைக்க எழுந்த மருமகள் என் முகத்தைப் பார்த்தாள், நெற்றியைத் தொட்டாள், யாரிடமும் கேட்காமல் 1990 என்ற அம்புலன்ஸ் எண்ணுக்கு அழைத்துவிட்டாள். நான் மறுத்ததை அவள் காதில் வாங்கவே இல்லை. அவள் அப்படிச் செய்யாவிட்டால் இந்தக் கடிதம் இல்லை.

எங்கள் வீட்டிலிருந்து தெருவுக்கு 64 படிகள். நான் இறங்கி நடக்கப் பார்த்தேன். அம்புலன்ஸில் வந்த தம்பி, ஒரு படிகூட நான் மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். டிக்கோயா ஆஸ்பத்திரியில் ஈசிஜி தாளைப் பார்த்த கையோடு இரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டார்கள். பிறகு கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைந்து வளைந்து கண்டிக்கு. அங்கே மணிக்கட்டின் வழியாக மெல்லிய குழாயை விட்டுப் படம் பிடித்துப் பார்த்தார்கள். இதயத்தின் முன்பக்கம் இறங்குகிற பெரிய குழாயில் தொண்ணூறு சதவீத அடைப்பு. அந்த இடத்தில் ஒரு ஸ்டென்ட், குழாயைத் திறந்து வைக்கிற சின்ன வலைக்குழல், வைத்தார்கள். நான் விழித்துக்கொண்டே திரையில் என் இதயம் அடிப்பதைப் பார்த்தேன். இதைப் பற்றி நேரில்தான் சொல்ல முடியும்.

கண்டியில் அந்த இளம் டாக்டர் எனக்கு ஒரு கணக்குச் சொன்னார். இதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள இரத்தத்தில் பாதிக்கு மேல் வெளியே தள்ள வேண்டும்; 55 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. எனக்கு 40. இரத்தம் கிடைக்காமல் இறந்த தசை திரும்ப முளைப்பதில்லை, தழும்பாகிவிடுகிறது. "ஐயா, எப்போது வலி தொடங்கியது?" என்று கேட்டார். ஒரு மணிக்கு என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, என்னையும் குறை சொல்லவில்லை. எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். அந்த மௌனம் எனக்கு இன்னும் வலிக்கிறது.

மணி, இந்த இடத்தில் அக்காவைப் பற்றி எழுத வேண்டும்.

அதே டாக்டர் மாணவர்களுக்கு விளக்கிக்கொண்டு போனபோது, பக்கத்துக் கட்டிலில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பெண்களுக்கு எப்போதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிற மாதிரி வராது. தாடை வலிக்கும், முதுகு வலிக்கும், காரணமில்லாமல் களைப்பு வரும், வாந்தி வரும் என்றார். எனக்கு உடம்பு சில்லிட்டது. அக்காவின் கடைசி மாதங்கள் உனக்குத் தெரியாது, நீ இந்தியாவுக்குப் போய்விட்டாய். மலை ஏறும்போது தாடை வலிக்கிறது என்பாள். பல் என்று நினைத்துக் கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டே கூடையை மாட்டிக்கொண்டு போவாள். நிரையில் பாதியில் உட்கார்ந்துவிடுவாள், கொழுந்து குறையும், அரைப்பேர் விழும், அரைநாள் சம்பளம்தான். சம்பளத்தன்று அதற்காக அழுவாள். பனடோல் கொடுத்தார்கள். 1997இல் ஒரு காலை மலையிலேயே சாய்ந்தாள். வயது 49. வாயு அடைத்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் பாடைக்குப் பக்கத்தில் நின்று வந்தவர்களிடம் அதையே சொன்னேன். அக்காவுக்குப் பல்வலி இல்லை மணி. உனக்கும் எனக்கும் ஒரே தட்டில் ரொட்டியும் சம்பலும் வைத்தவள். இருபத்தெட்டு வருடம் கழித்து ஒரு கட்டிலில் படுத்துக்கொண்டு இதைத் தெரிந்துகொண்டேன்.

அன்றிரவு எனக்கு உன் கடிதம் நினைவுக்கு வந்தது.

அதற்கு வருகிறேன். அதற்கு முன், நான் எப்படி இருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீ பாதி வரியைத் தாண்டிப் பார்ப்பாய்.

முதல் மாதம் மோசம். உடம்பைவிட மனம். இடது பக்கம் புரண்டு படுக்கப் பயம். தலையணையில் காது பட்டால் துடிப்பு கேட்கும், எண்ணத் தொடங்குவேன், தூக்கம் போய்விடும். காரணமில்லாமல் அழுகை வரும். இருட்டில் உன் தங்கச்சியின் கை என் மூக்கருகில் வந்து மூச்சு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகும். நான் தூங்குவது போல் கிடப்பேன். பார்க்க வந்தவர்களெல்லாம் "இனி அசையாமல் இருங்கள்" என்றார்கள். கிளினிக்கில் சொன்னபோது டாக்டர் நேர்மாறாகச் சொன்னார். மாரடைப்புக்குப் பின் மனம் சோர்வது பலருக்கு வருவதுதான், மறைக்காமல் சொல்ல வேண்டும், அசையாமல் இருப்பதுதான் கெடுதல் என்றார். சமதரையில் ஐந்து நிமிடம் நடந்து தொடங்கச் சொன்னார்.

கொட்டகலையில் சமதரைக்கு எங்கே போவது? ஏறினால் மேடு, இறங்கினால் பள்ளம். மருமகள்தான் கண்டுபிடித்தாள்: ரயில் நிலைய மேடை. மகன் திரீவீலில் கொண்டுபோய் விடுவான். காலையில் பனி விலகி வெயில் வந்த பிறகுதான் போகிறேன், குளிர் இரத்தக்குழாய்களைச் சுருக்கும் என்பதால். முதல் நாள் ஒரு முறை போய்த் திரும்பினேன். இப்போது முப்பது நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். நடக்கும்போது பேச முடிய வேண்டும். ஒரு வாக்கியத்தை முடிக்க மூச்சுப் போதவில்லை என்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம். துணைக்கு ஆள் இல்லாத நாளில் பதினாறாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு நடக்கிறேன். பதினாறேழு வரும்போது உன்னை நினைக்கிறேன். நிலைய அதிபர் பழகிவிட்டார்.

மேடையின் அந்தக் கோடியில்தான் உன் வீட்டாரின் ட்ரங்குப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தோம். 1973. கோச்சி வரும் வரை உன் அம்மா அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு நாளும் அந்த இடத்தைத் தொட்டுத்தான் திரும்புகிறேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் செய்தார்கள். 40 என்றது 48 ஆகியிருந்தது. சாகாமல் மயங்கிக்கிடந்த தசை எழுந்துவிட்டதாம். வீட்டுக்கு வந்து 64 படிகளையும் ஏறினேன், நடுவில் இரண்டு இடத்தில் நின்று.

மாத்திரைகள் ஆறு. இரத்தம் உறையாமல் இருப்பதற்கான இரண்டையும் ஒரு வருடத்துக்கு ஒரு வேளையும் விடக் கூடாது, விட்டால் ஸ்டென்டுக்குள்ளேயே கட்டி பிடிக்கும். பல் பிடுங்குவதென்றாலும் இதய டாக்டரிடம் கேட்காமல் நிறுத்தக் கூடாது. ஒரு மாத்திரை எனக்கு வறட்டு இருமல் கொடுத்தது. நானாக நிறுத்தாமல் சொன்னேன், வேறு மாற்றித் தந்தார்கள். சாப்பாட்டில் பெரிய போராட்டம் உப்போடுதான். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து கிராம், ஒரு தேக்கரண்டி. நம் கருவாடும் கட்டச் சம்பலும் ஒரே வேளையில் அதைத் தின்றுவிடும். கருவாட்டை நிறுத்தியாகிவிட்டது. சம்பலில் தேசிக்காயைக் கூட்டி உப்பைக் குறைத்தாள் உன் தங்கச்சி. மூன்று வாரம் எல்லாமே மண்ணாக இருந்தது. பிறகு லீக்ஸுக்கு இத்தனை ருசி இருக்கிறதா என்று தெரிந்துகொண்டேன். புகையிலையை ஆஸ்பத்திரியிலேயே விட்டேன். வெற்றிலைப் பெட்டி மட்டும் அலமாரியில் இருக்கிறது, அப்பாவுடையது என்பதால்.

இப்போது உன் கடிதம். மூன்றாம் பக்கம். நீ எழுதியதை அப்படியே திருப்பி எழுதுகிறேன்: "கடைக்குப் போய்த் திரும்பி மேட்டில் ஏறும்போது நடுநெஞ்சு கரிக்கிறது. பாதியில் பலாமரத்தடியில் நின்றால் இரண்டு நிமிடத்தில் போய்விடுகிறது. வயிற்றுப்புண் போலிருக்கிறது, மாத்திரை போடுகிறேன்."

பொங்கலுக்கு முன் இதைப் படித்தபோது நான் சிரித்தேன். வார்டில் படுத்து நினைத்தபோது என்னால் மூச்சு விட முடியவில்லை.

வயிற்றுப்புண்ணுக்கு மேடு தெரியுமா மணி? அது சாப்பாட்டோடு வரும், படுத்தால் வரும். ஏறும்போது வந்து நின்றால் போவது வேறு. ஏறும்போது இதயத்துக்கு இரத்தம் அதிகம் வேண்டும், குழாய் குறுகியிருந்தால் கிடைக்காது, அது கத்தும். நின்றால் தேவை குறையும், அடங்கும். உனக்கு அதுதான் என்று நான் சத்தியம் செய்யவில்லை, நான் டாக்டர் இல்லை. அதுவாக இருக்கக்கூடும் என்பதற்காகவே உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். போய்ப் பார். உனக்குச் சர்க்கரையும் இருக்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு வலி மந்தமாகவே தெரியலாம் என்கிறார்கள். நீ சொல்லும் "கொஞ்சம் கரிப்பு" கொஞ்சமாக இல்லாமல் இருக்கலாம்.

படுக்கவைத்து எடுக்கும் ஈசிஜி நன்றாக இருக்கிறது என்றதும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிடாதே. ஏறும்போது வருவதை ஏறவைத்துத்தான் பார்க்க வேண்டும். மேடு, பலாமரம், இரண்டு நிமிடம், மூன்றையும் சொல்லி, நடக்கவைத்துப் பார்க்கும் சோதனை வேண்டுமா என்று கேள். சேரம்பாடியில் முடியாவிட்டால் கூடலூர், அங்கே முடியாவிட்டால் ஊட்டி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. செலவைப் பற்றி நீ யோசிப்பாய் என்று தெரியும். உங்கள் மாநிலத்தில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதே, உன் பேரனிடம் சொன்னால் ஒரு நாளில் விசாரித்துவிடுவான். அதுவரை மேட்டில் ஏறாதே. கடைக்கு அவனை அனுப்பு. ஓய்வாக இருக்கும்போது வந்தாலோ, நின்ற பிறகும் போகாவிட்டாலோ, வியர்த்தாலோ, இஞ்சி வேண்டாம், ஓமம் வேண்டாம், விடியட்டும் என்று பார்க்க வேண்டாம். 108.

உன் பிடிவாதம் எனக்குத் தெரியும். பள்ளியில் மழையில் நனைந்துகொண்டு வாசலில் நின்றாயே தவிர மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தப் பிடிவாதத்தை நான் அன்றே நேசித்தேன். இந்த ஒரு விஷயத்தில் அதை விட்டுவிடு. அக்காவிடம் சொல்லத் தெரியாமல் போனது. உன்னிடம் சொல்லத் தெரிந்திருக்கிறது.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடுகிறது என்று நீதானே எழுதினாய். நீ வந்தால் படியேற வேண்டியதில்லை, மேடையிலேயே பெஞ்சு இருக்கிறது.

அடுத்த கடிதத்தில் சோதனைத் தாளின் நகலை வைத்து அனுப்பு. அது இல்லாமல் வேறு எதையும் எழுதாதே.

உன்
ராமு

பி.கு. இதை உன் மகளிடமும் படிக்கக் கொடு. கொடுக்கமாட்டாய் என்று தெரிந்ததால் அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் இன்றே தபாலில் சேர்த்திருக்கிறேன்.