சுதந்திர தின விழாவை நடத்துகிறவர்களுக்கு ஒரு வன்னி ஆசிரியையின் மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நான் வன்னியில் ஒரு சிறிய தமிழ்ப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். தினமும் காலை ஏழரைக்கு எங்கள் பிள்ளைகள் வேப்பமரத்தடியில் வரிசையாக நின்று, கொடியைப் பார்த்து, தேசிய கீதத்தின் தமிழ் வடிவமான 'ஸ்ரீ லங்கா தாயே' பாடுகிறார்கள். முன்வரிசைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொற்கள் இன்னும் சரியாக வராது. மெட்டை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள்.

2020 பெப்ரவரி 5ஆம் திகதி, புதன்கிழமை. முதல் நாள் கொழும்பு விழாவைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு வந்த தரம் நான்கு பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், இந்த முறை ஏன் எங்கட பாட்டுப் பாடேல்ல?" நேரம் போதாமல் இருந்திருக்கும் என்று சொன்னேன். அது பொய். அன்றிலிருந்து மனதில் கிடந்து அரிக்கிறதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

இந்த நாட்டை நினைத்துப் பெருமைப்பட எனக்கு ஆசை. எங்கள் ஊரில் இதைச் சத்தமாகச் சொல்வது லேசான காரியம் இல்லை. பக்கத்து வீட்டு அம்மா 2009 மே மாதத்தில் மகனைத் தொலைத்தவர். ஒவ்வொரு பெப்ரவரி 4ஆம் திகதியும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளோடு கறுப்புக் கொடி பிடித்துத் தெருவோரம் நிற்கிறார். நான் அதே காலையில் பாடசாலையில் சிங்கக் கொடி ஏற்றிவிட்டு, வீடு திரும்பும்போது அவருக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அவர் என்னைக் கோபித்ததில்லை. நானும் அவரை அந்தக் கொடியைக் கீழே வை என்று ஒருநாளும் சொல்லமாட்டேன். அவர் கேட்கிற பதிலுக்குப் பாட்டு ஈடாகாது என்பது எனக்குத் தெரியும்.

அப்படியானால் பெருமை எங்கிருந்து வருகிறது என்று கேட்பீர்கள். எனக்கு அது முதலில் ரேடியோவில் வந்தது. 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணமே மழையில் நடந்து வெளியேறியபோது நாங்களும் நடந்தோம். அடுத்த மார்ச்சில் கிளிநொச்சிப் பக்கம் ஒரு கொட்டிலில் இருந்தோம். மின்சாரம் கிடையாது, பற்றரிக்குத் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் வயரைக் கொழுவி, அண்ணா பெடலைக் கையால் சுற்றச் சுற்ற ரேடியோ பாடும். மார்ச் 17, லாகூரில் உலகக் கிண்ண இறுதிப் போட்டி. அண்ணாவின் கை ஓய்ந்தால் வர்ணனையும் ஓயும்; உடனே ஐந்தாறு பேர் கத்துவார்கள். அரவிந்த டி சில்வா 107 ஓட்டம் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். அந்த அணியில் கண்டியிலிருந்து போன எங்கள் முரளியும் இருந்தார். அவுஸ்திரேலியாவை ஏழு விக்கெட்டால் வென்றதும் அப்பா எழுந்து நின்று கை தட்டினார். வீட்டை விட்டு வந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. மேலே விமானச் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்குள் ஓடுகிற காலம். எனக்குப் பதினொரு வயது. அப்பா ஏன் தட்டினார் என்று அப்போது விளங்கவில்லை. வெறும் விளையாட்டு என்று நினைத்திருந்தால் அவர் கண் கலங்கியிருக்காது.

அப்புறம் படிப்பு. 1940களில் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி போருக்குள்ளும் எங்களைத் தேடி வந்தது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில்கூட ஆசிரியர்களுக்கு அரசாங்கச் சம்பளம் வந்தது. அரசாங்கப் பாடப்புத்தகம் வந்தது. சாதாரண தரப் பரீட்சை வினாத்தாள் கொழும்பிலிருந்து போர்முனையைக் கடந்து என் மேசைக்கு வந்து சேர்ந்தது. ஒருபக்கம் ஷெல்லும் மறுபக்கம் வினாத்தாளும் ஒரே நாட்டிலிருந்து வந்ததை நான் வாழ்நாளில் மறக்கமாட்டேன். அந்த வினாத்தாளைச் சீல் வைத்து அனுப்பிய முகம் தெரியாத உத்தியோகத்தர்களை நினைத்து இன்றும் பெருமைப்படுகிறேன்.

இனி உங்கள் விழாவுக்கு வருகிறேன். 2016 பெப்ரவரி 4 அன்று, 1949க்குப் பிறகு முதல் தடவையாக, தேசிய விழாவில் தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டது. அம்மாவும் நானும் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். நான்கே ஆண்டில், 2020இல், அது நிறுத்தப்பட்டது. ஓர் அரசாங்கம் பாடலாம் என்கிறது, இன்னொன்று வேண்டாம் என்கிறது. வீட்டுக்காரர் மனம் வைத்தால் திண்ணையில் இருக்கலாம், இல்லாவிட்டால் எழும்பிப் போகவேண்டும் என்கிற நிலைதான் எங்களுக்கு.

சட்டம் எங்கும் தடுக்கவில்லை. அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியை எடுத்துப் பாருங்கள். தேசிய கீதம் 'ஸ்ரீ லங்கா தாயே' என்றே உறுப்புரை 7 சொல்கிறது, பாட்டு முழுவதும் அட்டவணையில் தமிழிலேயே இருக்கிறது. 2010இல் அரசாங்கம் நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவே, 2011இல் தந்த அறிக்கையில், ஒரே மெட்டில் இரண்டு மொழியிலும் பாடும் வழக்கத்தைத் தொடரவேண்டும் என்று எழுதியது. மெட்டு ஆனந்த சமரக்கோனுடையது, தமிழ்ச் சொற்கள் புலவர் மு. நல்லதம்பியுடையவை. பொருளும் ஒன்றுதான்.

இந்தியாவில் ஒரே மொழியில்தானே பாடுகிறார்கள் என்று சிலர் சொல்வார்கள். சரி, ஆனால் அங்கே அது அதிகம் பேர் பேசுகிற ஹிந்தியில் இல்லை, வங்காளத்தில் பிறந்த பாட்டு. தென்னாபிரிக்காவில் ஒரே கீதத்துக்குள் ஐந்து மொழி இருக்கிறது. அவ்வளவு தூரம்கூடப் போகவேண்டாம். 2022இல் அரசாங்கத்தை எதிர்த்துக் கொழும்புக் காலிமுகத்திடலில் கூடிய சிங்களப் பிள்ளைகள், யாரும் சொல்லாமலே, தமிழிலும் கீதம் பாட இடம் கொடுத்தார்கள். மே 18 அன்று அதே இடத்தில், போரின் கடைசியில் இறந்தவர்களை நினைத்துக் காய்ச்சும் முள்ளிவாய்க்கால் கஞ்சியும் வாங்கிக் குடித்தார்கள். என் கையடக்கத் தொலைபேசியில் அந்த வீடியோவைப் பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் காட்டினேன். திரும்பப் போடு பிள்ளை என்றார்.

நான் கேட்பது இதுதான். தேசிய கீதம் ஒவ்வொரு சுதந்திர தினத்திலும் இரண்டு மொழியிலும் பாடப்படும் என்று ஒரு சுற்றறிக்கை எழுதுங்கள். ஆட்சி மாறினாலும் மாறாதபடி எழுதுங்கள். பாடுவதற்குச் சிறுவர்கள் வேண்டுமென்றால் எங்கள் பிள்ளைகளை அனுப்புகிறேன், பஸ் செலவை நாங்களே பார்த்துக்கொள்வோம். அன்று கேள்வி கேட்ட பிள்ளை இப்போது பெரிய வகுப்பில். நல்ல குரல், சுருதி பிசகாமல் பாடுவாள்.

இப்படிக்கு,
வன்னியிலிருந்து ஓர் ஆசிரியை