சாலையில் புதைந்த டிராம் தண்டவாளம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹாங்காங்கின் பழைய டிராமில் குழுவாக ஊர் சுற்றும் பயணம் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். 1904 முதல் ஓடுகிற டிராமை அவர்கள் இன்னமும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். நாமோ 1936இல் பினாங்கு டிராமை நிறுத்தினோம். அடுத்து வந்த, மேலே செல்லும் மின்கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் டிராலி பஸ்ஸும் 1961இல் போனது. சரி, போனது போகட்டும். மிச்சம் இருப்பதையாவது காட்டலாமே? பினாங்கு ரோடும் சூலியா ஸ்ட்ரீட்டும் சந்திக்கும் இடத்தில் பழைய தண்டவாளத் துண்டு தார் ரோட்டில் பதிந்து கிடக்கிறது. நாசி கண்டார் (குழம்பு ஊற்றித் தரும் சோறு) வாங்கப் போகிறவர்கள் மோட்டார் சைக்கிளில் அதன் மேலேயே ஏறிப் போகிறார்கள்; குனிந்து பார்ப்பவர் யாரும் இல்லை. போன பள்ளி விடுமுறையில் என் பேரன்தான் கவனித்துவிட்டு, "தாத்தா, இங்க ரயில் எப்ப வரும்?" என்று கேட்டான்.

புதிதாக டிராம் வாங்கக் கோடிகள் வேண்டும். அதை நான் கேட்கவில்லை. வார இறுதிகளில் ஒரு பஸ் போதும். படகுத் துறையில் கிளம்பி, இந்தத் தண்டவாளத்தருகே இறக்கிக் காட்டி, பழைய டிராம் வழியிலேயே ஆயர் ஈத்தாம் வரை போகட்டும். வழிகாட்டிகளில் தமிழில் விளக்குபவர் ஒருவரும் இருக்க வேண்டும்.

வாசகர்,
ஜார்ஜ் டவுன், பினாங்கு