என்னை எழுப்பி உட்கார வைத்தவர்களுக்கு

ஆரணிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். தையல் எனக்குத் தொழில். 2019-இல் ஷேர் ஆட்டோ கவிழ்ந்து முதுகெலும்பு முறிந்தது. தண்டுவடம் நசுங்கி, இடுப்புக்குக் கீழே அசைவும் போயிற்று, உணர்வும் போயிற்று. அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான். என்னைக் கைதூக்கி விட்டவர்களில் சிலருடைய பெயர்கூடத் தெரியாது. அதனால்தான் எல்லோர் கண்ணிலும் படும்படி இதை எழுதுகிறேன்.

முதல் நன்றி, டீக்கடையிலிருந்து ஓடி வந்த பெரியவருக்கு. பதற்றத்தில் என்னைக் கையும் காலுமாகப் பிடித்துத் தூக்கப் போனவர்களை அவர்தான் அதட்டி நிறுத்தினார். "முதுக மடக்காதீங்கப்பா, பெஞ்சுப் பலகைய எடுத்தாங்க" என்றார். 108 வருகிற வரைக்கும் என் தலை ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். முறிந்த எலும்பு அசைந்தால் மிச்சமிருக்கிற நரம்பும் கெட்டுவிடும் என்று டாக்டர்கள் பிற்பாடு சொன்னார்கள். ஐயா, உங்களை எங்கெங்கோ விசாரித்தோம், கிடைக்கவில்லை. நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

ஆபரேஷன் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் நடந்தது. அதன் பிறகு படுக்கைதான். உணர்வு இல்லாத தோல் ஒரே பக்கம் அழுந்திக் கிடந்தால் ரத்த ஓட்டம் நின்று புண்ணாகிவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட வேண்டும். ராத்திரி டியூட்டி சிஸ்டர் ஒருவர் அம்மாவுக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார்: தோளையும் இடுப்பையும் சேர்த்துப் புரட்டு, முழங்காலுக்கு நடுவில் தலையணை வை, குதிகால் மெத்தையில் படாமல் பார்த்துக்கொள். அம்மா செல்போனில் அலாரம் வைத்துக்கொண்டு அதை விடாமல் செய்தாள். எனக்குப் படுக்கைப் புண் வரவில்லை. இந்த நோயில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று பட்டவர்களுக்குத் தெரியும்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்டார்கள்: "எப்போ நடப்பே?" அக்கறையாகத்தான் கேட்டார்கள். ஆனால் கேட்கக் கேட்க, நடக்காவிட்டால் எனக்கு வாழ்க்கையே இல்லை என்று நானும் நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

வேலூர் பாகாயத்தில் இருக்கும் மறுவாழ்வு மையத்தில்தான் காட்பாடி அக்காவைப் பார்த்தேன். அவரும் சக்கர நாற்காலிதான், என்னைவிட ரொம்ப வருஷம் முன்னாடி அடிபட்டவர். நாற்காலியை என் கட்டிலோடு ஒட்டி நிறுத்திவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "ஒண்ணுக்குப் போறதுக்கு என்ன பண்றே?" எனக்கு அழுகை வந்துவிட்டது. ராத்திரியெல்லாம் நான் நினைத்துக் குமைந்துகொண்டிருந்தது அதைத்தான். யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை நாமே டியூப் போட்டுச் சிறுநீரை வெளியேற்றிவிடலாம், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் செய்ய வேண்டும், தண்ணீரை அளவு பார்த்துக் குடிக்க வேண்டும் என்று சொல்லித் தந்தார். நர்ஸும் அதையேதான் சொல்லியிருந்தார். ஆனால் தினமும் அதைச் செய்துகொண்டே தன் மகன் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர் சொல்லும்போது வேறு மாதிரி இருந்தது. கைப்பிடியில் இரண்டு கையையும் ஊன்றி அவ்வப்போது உடம்பைத் தூக்கி இறக்குவது, நீளக் கைப்பிடி வைத்த கண்ணாடியில் முதுகுப் பக்கத்தைத் தினமும் பார்த்துச் சிவந்திருக்கிறதா என்று கவனிப்பது, எல்லாம் அவரிடம் கற்றதுதான். "எல்லாம் சரியாயிடும்" என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. நடப்பேனா என்று நானே கேட்டதற்கு, "கஷ்டம்தாம்மா. ஆனா நீ போகாத இடம் இருக்காது" என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன்.

டாக்டர் மேரி வர்கீஸ் பற்றிச் சொன்னதும் அவர்தான். 1954-இல் நடந்த விபத்தில் அந்த இளம் டாக்டருக்கும் இதே நிலைமை வந்தது. அப்புறமும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயில் மடங்கிப்போன கைகளுக்கு ஆபரேஷன் செய்திருக்கிறார். அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-இல் திறந்த இந்த மையமே அவருடைய உழைப்பில் வந்ததுதான். அவரால் கத்தி பிடிக்க முடிந்ததென்றால் என்னால் கத்தரிக்கோல் பிடிக்க முடியாதா என்று அன்றைக்குத் தோன்றியது.

ஆனால் தையல் மிஷினுக்குக் கால் வேண்டுமே. இதற்கு வழி கண்டவர் எங்கள் ஊரில் மிஷின் ரிப்பேர் பார்க்கும் அண்ணன். மோட்டார் வைத்து, காலால் மிதிக்கிற பெடலை மேசையின் வலது ஓரத்தில் ஒரு பலகையில் திருகி, முழங்கையால் அழுத்துகிற மாதிரி செய்தார். முதலில் மிஷின் எகிறி ஓடியது. துணி கையில் நிற்கவில்லை. பெடலுக்கு அடியில் ஸ்பாஞ்சை மடித்து வைத்து வேகத்தைக் குறைத்தார். அதற்கு மேலும் ஒன்று செய்தார். "உனக்குத் தொடையில சூடு பட்டாலும் தெரியாதும்மா" என்று மோட்டாரை என் காலுக்கு எட்டாத பக்கம் மாற்றிப் பொருத்தினார். நான் கேட்கக்கூட இல்லை. ஒரு பைசா வாங்கவில்லை. அண்ணே, உங்களை நினைக்காமல் நான் மிஷினில் உட்காருவதே கிடையாது.

2020 ஊரடங்கில் மகளிர் குழு அக்காமார்கள் முகக்கவசம் தைக்கிற வேலையில் எனக்கும் பங்கு கொடுத்தார்கள். அந்தக் கூலியில் மகளுக்குப் பாவாடைத் துணி எடுத்தேன்.

எதிர்வீட்டுக்காரர்களுக்கு ஒரு பெரிய நன்றி. சாய்வுதளம் கட்ட, ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். எங்கள் வாசலில் அவ்வளவு இடமில்லை. அவர்கள் தங்கள் பக்கத்திலிருந்து விட்டுக்கொடுத்தார்கள். கோலம் போடுகிற இடம் என்று ஒரு வார்த்தை பேசவில்லை. என் வீட்டுக்காரரும் மேஸ்திரி மாமாவும் ஒரே நாளில் கட்டி முடித்தார்கள். அடையாள அட்டைக்கும் மாதம் 2,000 ரூபாய் உதவித்தொகைக்கும் என் தம்பி அலைந்தான். அவனுக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

இப்போது நானும் போகிறேன், காட்பாடி அக்கா மாதிரி. தென்னை மரத்திலிருந்து விழுந்தவர், சாரத்திலிருந்து விழுந்தவர், என்னைப் போல வண்டியில் அடிபட்டவர் என்று யாராவது சொல்லி அனுப்புகிறார்கள். போன மாதம் ஒரு சின்னப் பெண்ணைப் பார்த்தேன். அவள் வீட்டுக்காரர் மரமேறி. அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், என்னோடு பேசவே இல்லை. பரவாயில்லை, நானும் அப்படித்தான் கிடந்தேன். அவளிடம் அலாரம் வைக்கச் சொன்னேன், தலையணை எங்கே வைப்பது என்று காட்டினேன். கிளம்புகிற நேரம் அவர் திரும்பி, "அக்கா, நீங்க இங்க எப்படி வந்தீங்க?" என்று கேட்டார். வண்டியில் ஏறுவதிலிருந்து இறங்குவதுவரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

புதிதாக அடிபட்டவர் வீட்டில் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து எங்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள். எந்த நேரமானாலும் சரி, வருவோம்.

காட்பாடி அக்காவுக்கு இந்த மடலை அடுத்த முறை போகும்போது நானே படித்துக் காட்டப் போகிறேன்.

அன்போடும் நன்றியோடும்,
ஆரணியிலிருந்து ஒரு தையல்காரி